மைக் அக்கா போருக்குப் போன கதை

மைக் அக்காவின் குரலைக் கேட்காமல் அந்த ஊரிலிருந்து ஒருவரும் பேருந்து ஏறியதில்லை. பேருந்து நிலையத்தின் மாடியில் கண்ணாடி அடைத்த ஒரு சின்ன அறை. உள்ளே ஒரு மேசை. மேசையில் வாத்துக் கழுத்தாக வளைந்த ஒரு மைக், அதன் தலையில் நிறம் வெளுத்த பஞ்சுத் தொப்பி. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை நாக்கைத் தட்டுகிற மின்விசிறி. அந்த அறைக்குள் உட்கார்ந்து, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று அவள் ஆரம்பித்தால் போதும், கீழே நிற்கிற அத்தனை தலைகளும் ஒரே நேரத்தில் மேலே நிமிரும். தூங்குகிறவன் எழுந்து உட்காருவான். சண்டை போட்டுக்கொண்டிருக்கிற புருஷன் பெண்டாட்டி வாயை மூடிக்கொண்டு மூட்டையை எண்ணுவார்கள். அந்த நிமிர்வை மேலேயிருந்து பார்ப்பதில் அவளுக்கு ஒரு ரகசிய சுகம் உண்டு. சம்பளத்துக்காக வேலை பார்க்கிறேன் என்று வெளியில் சொல்லிக்கொள்வாள், அவ்வளவுதான்.

அது பட்டுத் துணியில் இஸ்திரி போட்ட குரல். வீட்டுக்கு அவள் வேறொரு குரல் வைத்திருந்தாள். அதற்கு மைக் தேவையில்லை. சமையலறையில் நின்று அவள் கூப்பிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் "வந்துட்டேம்மா" என்று சொல்லிவிட்டு, பிறகு யோசித்துப் பார்த்து உட்காருவார்.

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். பாதி வாழ்க்கையை இரண்டு மாடிகளுக்கு நடுவில் தொங்கியே கழித்தவர். சாதுவான மனிதர். அவரை விளையாட்டுப் பித்தாக்கியவர் கடைத்தெரு முடிதிருத்தும் கடைக்காரர். ஒருநாள் அந்த மனிதர் ஏதோ அலுவலகக் கட்டிடத்து லிஃப்டில் மாட்டிக்கொண்டார். மேலேயிருந்து இவர் கம்பியைத் திருகிக்கொண்டிருக்க, உள்ளேயிருந்து அவர் கதவிடுக்கு வழியாகப் பேச ஆரம்பித்தார். லிஃப்ட் இறங்கி முடிப்பதற்குள் முதல் உலகப் போரே முடிந்துவிட்டது. கதவு திறந்தபோது இவர் ஒரு படைவீரராக வெளியே வந்தார்.

விளையாட்டின் பெயர் 'பதுங்குகுழி'. கம்ப்யூட்டரில் ஆடுவது. அவரவர் வீட்டில் அவரவர் உட்கார்ந்திருப்பார்கள். திரைக்குள் எல்லோரும் ஒரே போர்க்களத்தில் நிற்பார்கள். நூறு வருஷத்துக்கு முந்தைய போர். சேறு, முள்வேலி, இடிந்த சுவர், ஒரு குண்டு சுட்டதும் கொண்டியை இழுத்து மறுபடி நிரப்ப வேண்டிய பழங்காலத் துப்பாக்கி. திரையில் உன் முகம் உனக்குத் தெரியாது. உன் கைகளும் துப்பாக்கி முனையும்தான் தெரியும். காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஒரு பொத்தானை அழுத்திப் பேசினால் கூட்டாளிகளுக்குக் கேட்கும். கிட்டத்தில் இருந்தால் எதிரிக்கும் கேட்கும்.

முடிதிருத்துபவர்தான் அணிக்குத் தலைவர். எல்லோரும் அவரை ஜெனரல் என்றே கூப்பிட்டார்கள். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் கண்ணாடிக்கு முன்னால் இருக்கிற பலகையில் சீப்புகளை வரிசையாக அடுக்கிப் பதுங்குகுழி என்பார். பவுடர் டப்பாவை நடுவில் வைத்து மாவு ஆலை என்பார். தலையைப் பாதி வெட்டிக்கொண்டிருக்கும்போது திடீரென்று ஒரு யுத்த யோசனை வந்துவிட்டால், நாற்காலியில் இருப்பவர் ஒரு பக்கத்துக் கிருதாவோடு காத்திருக்க வேண்டியதுதான்.

அணியில் நன்றாகச் சுடத் தெரிந்தவள் ஒருத்திதான். அவள் மைக் அக்காவின் நாத்தனார். மாடி வீட்டில் தனியாகக் குடியிருந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. நாள் முழுக்க வருகிறவர் போகிறவரைத் தூரத்து எழுத்தைப் படிக்கச் சொல்லிச் சொல்லி, அவள் கண்ணே கூர்மையாகிவிட்டது என்று அண்ணன் பெருமையடிப்பார். எங்கோ ஒரு மூலையில் எதிரியின் தொப்பி நுனி தெரிந்தால் போதும், 'டப்' என்று ஒரு சத்தம். கதை முடிந்தது.

அண்ணிக்கும் நாத்தனாருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஒருமுறை நாத்தனார் ஊருக்குப் போகப் போய், பேருந்தைத் தவறவிட்டுத் திரும்பி வந்தாள். வந்தவள் கூடத்தில் நின்றுகொண்டு, "அறிவிப்பா அது? வாய்க்குள்ள பஞ்சை அடைச்சுக்கிட்டுப் பேசற மாதிரி இருக்கு. ஒரு எழவும் புரியல" என்று சொல்லிவிட்டாள். மைக் அக்காவை எவ்வளவோ குறை சொல்லலாம். உப்பு அதிகம் என்னலாம், சேலை நிறம் சரியில்லை என்னலாம். குரலைச் சொன்னால்? அன்றோடு சரி.

அதற்குப் பிறகு எல்லாப் பேச்சும் லிஃப்ட் மெக்கானிக் வழியாகத்தான் போனது. மூன்று பேரும் ஒரே அறையில் இருப்பார்கள்.

"என்னங்க, உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க, தண்ணி மோட்டாரை அணைக்கச் சொல்லி."

"அண்ணே, அண்ணிகிட்ட சொல்லு, அது அணைச்சு அரைமணி ஆச்சு."

ஆரம்பத்தில் மனிதர் ஒவ்வொரு வார்த்தையாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். போகப் போக அலுத்துவிட்டது. தலையை மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்புவார். ஆனால் அந்தத் தலை திரும்பாவிட்டால் செய்தி போய்ச் சேர்ந்ததாக இருவருமே ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில் கையெறி குண்டு விழுந்தது. திரைக்குள்தான். லிஃப்ட் மெக்கானிக்கின் காலடியில் சரியாக வந்து விழுந்தது. விளையாட்டில் குதிப்பதற்கு ஒரு பொத்தான் உண்டு. அவர் அதை விட்டுவிட்டு நிஜமாகவே குதித்தார். அடியில் சக்கரம் வைத்த நாற்காலி அந்த நேரம் பார்த்துப் பின்பக்கமாக ஓடிவிட்டது. நாற்காலி இல்லாத இடத்தில் அவர் உட்கார்ந்தார்.

மருத்துவமனையில் டாக்டர் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே கேட்டார். "எங்க விழுந்தீங்க?"

"பதுங்குகுழியில, டாக்டர்."

"எதுல?"

"குண்டு போட்டுட்டாங்க டாக்டர். எதிர்பார்க்கவே இல்ல."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மைக் அக்காவைப் பார்த்தார். "நாற்காலியில இருந்து விழுந்தாரு டாக்டர். வீட்டுக்குள்ள. பனியனோட" என்றாள் அவள். முழங்கை வரைக்கும் மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள்.

கட்டுப் போட்டது பெரிய விஷயமில்லை. அடுத்த ஞாயிறு இறுதிப் போட்டி. எதிரணி காய்கறிச் சந்தைக்காரர்கள். கோணி தூக்கித் தூக்கி உரமேறிய கூட்டம், அவர்களுக்குத் தலைவர் வெங்காயக் கடைக்காரர். அணியில் ஓர் ஆள் குறைந்தாலும் ஆடாமலே தோற்றதாக அறிவித்துவிடுவார்கள் என்பது சட்டம். ஜெனரல் ஊரெல்லாம் ஆள் தேடிப் பார்த்துவிட்டுக் கடைசியில் இவர்கள் வீட்டுக்கு வந்து நின்றார். சட்டைப் பையில் சீப்பு இருந்தது, முகத்தில் களை இல்லை.

"தங்கச்சி, நீங்க மனசு வச்சா நடக்கும். சும்மா உக்காந்தாப் போதும். சுடவே வேணாம்."

"நானா? எனக்கு அந்தத் தட்டச்சுப் பலகையில என்ன எழுத்து எங்க இருக்குன்னே தெரியாதுங்க."

"தெரிய வேணாம். எதையும் தொடாம இருந்தீங்கன்னா இன்னும் நல்லது."

அவள் முடியாது என்றுதான் சொல்லப் போனாள். வாயைத் திறப்பதற்குள், வாசற்படியில் சாய்ந்து நின்றிருந்த நாத்தனார் அண்ணனைப் பார்த்துச் சொன்னாள். "அண்ணே, விட்டுடச் சொல்லு. பாவம், சும்மா நிக்கறதுக்கும் ஒரு திறமை வேணுமில்ல?"

அவர் தலையைத் திருப்பினார். செய்தி வந்து சேர்ந்தது. மைக் அக்காவின் மூக்கு நுனி சிவந்தது.

"என்னங்க," என்றாள், "உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க. நான் நிக்கறேன்."

அந்த வாரம் முழுக்க வேலை முடிந்து வந்ததும் பயிற்சி. புருஷன் மாவுக்கட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். முதல் நாள் அவள் வானத்தையே பார்த்துக்கொண்டு நடந்தாள், தலையை இறக்குவது எப்படி என்று தெரியாமல். இரண்டாம் நாள் தலை இறங்கியது. இறங்கி, தன் பூட்ஸ் காலைப் பார்த்ததோடு நின்றுவிட்டது. சொந்த முள்வேலியில் போய் மாட்டிக்கொண்டு "என்னங்க, யாரோ பிடிச்சு இழுக்கறாங்க" என்றாள். ஏணியில் ஏறும்போது பின்னால் வந்தவர்களுக்கு ஒதுங்கி வழி விட்டாள். "நீங்க போங்க, எனக்கு அவசரம் இல்ல" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். ஒருமுறை எதிரே வந்த எதிரியைப் பார்த்து வணக்கம் சொல்லப் போய்த் தவறான பொத்தானை அழுத்திவிட்டாள். துப்பாக்கி வெடித்தது. செத்தது எதிரியல்ல, பக்கத்தில் நின்ற ஜெனரல்.

"பரவாயில்ல தங்கச்சி," என்றார் செத்துக் கிடந்த ஜெனரல். "ஆனா ஞாயித்துக்கிழமை அந்தக் கையை மடியில வச்சுக்கங்க."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மதியச் சாப்பாடு முடித்து, பாத்திரம் கழுவி, கையைத் துடைத்துக்கொண்டு மைக் அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். சக்கரம் நகராமல் இருக்க அடியில் பழைய செருப்பை அண்டக் கொடுத்திருந்தார் புருஷன். மாடியில் நாத்தனாரின் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

போட்டி இதுதான். களத்தின் நடுவில் ஓர் இடிந்த மாவு ஆலை. ஆட்டம் முடியும்போது அந்த ஆலையில் எவருடைய கொடி நிற்கிறதோ அவர்களுக்கு வெற்றி. ஜெனரல் ஒரு திட்டம் வைத்திருந்தார். சீப்பு, பவுடர் டப்பா எல்லாம் வைத்து மூன்று நாளாக விளக்கியிருந்தார். விசில் ஊதியதும் குழியிலிருந்து மேலேற நாலு பேர் இடது ஏணி, நாலு பேர் நடு ஏணி, நாலு பேர் வலது ஏணி.

விசில் ஊதியது. அத்தனை பேரும் நடு ஏணிக்கு ஓடினார்கள்.

ஒருவன் ஏறுகிறான், இன்னொருவன் அவன் தலையில் ஏறுகிறான், அணியிலிருக்கிற பேக்கரிக்காரர் இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு சுற்றுகிறார். "தள்ளுய்யா", "நீ தள்ளு", "எவன்டா என் துப்பாக்கியை மிதிக்கறது" என்று காதுக்குள் ஒரே கூச்சல். ஜெனரல் "இடது! இடது!" என்று கத்துகிறார், அவர் சொல்லும் இடது எவருடைய இடது என்று யாருக்கும் விளங்கவில்லை. மேலே சந்தைக்காரர்கள் சேற்றை மிதித்துக்கொண்டு ஆலையை நெருங்குகிறார்கள்.

மைக் அக்கா இந்தக் காட்சியை இதற்கு முன்பு பார்த்திருக்கிறாள். விடுமுறைக்கு முந்தைய மாலையில், ஒரே ஒரு வண்டி வந்து நிற்கும்போது, அதன் ஒரே கதவில். சும்மா நிற்கத்தான் வந்தாள். ஆனால் அவளால் தாங்க முடியவில்லை. பேசுகிற பொத்தான் எது என்று மட்டும் அவளுக்குத் தெரியும். அழுத்தினாள்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு."

ஏணியில் தொங்கிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள்.

"நடு ஏணியில் நெரிசலைத் தவிர்க்கவும். பேக்கரிக்காரரும் அவருடன் வந்தவர்களும் இடது ஏணிக்குச் செல்லவும். உயரமானவர்கள் வலது ஏணிக்குச் செல்லவும். முண்டியடிக்க வேண்டாம். அனைவருக்கும் இடம் உண்டு."

அனைவருக்கும் இடம் இருந்தது. மளமளவென்று பிரிந்து, வரிசையில் நின்று, ஏறினார்கள். ஒருவன் பழக்க தோஷத்தில் "நன்றிங்க" என்றான்.

அதைவிட வேடிக்கை மேலே நடந்தது. சந்தைக்காரர்கள் தினமும் விடியலில் அந்தப் பேருந்து நிலையத்தில்தான் வந்து இறங்குகிறவர்கள். ஓடிவந்துகொண்டிருந்த அத்தனை பேரும் அந்தக் குரல் காதில் விழுந்ததும் நட்டநடுக் களத்தில் நின்றுவிட்டார்கள். தலை மேலே நிமிர்ந்தது. ஒருவன் குனிந்து காலடியில் கோணியைத் தேடினான்.

"யக்கா," என்று ஓர் எதிரிக் குரல் கேட்டது, "மலைப்பாதை வண்டி போயிடுச்சாக்கா?"

"இன்று மலைப்பாதை வண்டி தாமதமாகப் புறப்படும்" என்றாள் மைக் அக்கா, பொய் சொல்ல மனமில்லாமல். உண்மையிலேயே அன்று அது தாமதம்தான்.

டப். டப். டப். நின்றவர்கள் நின்றபடி விழுந்தார்கள். மாடியில் நாத்தனார் கொண்டியை இழுக்கிற வேகத்தில் கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. பாதி ஆட்டம் முடியும்போது ஆலை இவர்கள் கையில்.

இடைவேளையில் வெங்காயக் கடைக்காரர் நடுவரிடம் போய் எள்ளும் கொள்ளுமாக வெடித்தார். நடுவர் என்பவர் கம்ப்யூட்டர் கடைக்காரர். "இது நியாயமாங்க? அந்தம்மா குரலைக் கேட்டா எங்க பசங்க மூட்டையைத் தேடறாங்க! துப்பாக்கியால அடிக்கச் சொல்லுங்க, அறிவிப்பால அடிக்கக் கூடாது!"

நடுவர் யோசித்துப் பார்த்தார். பேசக் கூடாது என்று சட்டத்தில் எங்கும் இல்லை. கனிவாகப் பேசக் கூடாது என்றும் இல்லை. புகார் தள்ளுபடி.

வெங்காயக்காரர் சும்மா விடுகிற ஆளா? தன் ஆட்கள் அத்தனை பேரையும் ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைக்கச் சொன்னார். இரண்டாவது பாதியில் செத்தவர்களெல்லாம் மறுபடி உயிர்பெற்று, சந்தை அணி செவிட்டுப் படையாக வந்தது. குண்டுச் சத்தமும் கேட்காது, கூட்டாளி கத்துவதும் கேட்காது. அவர்கள் பாட்டுக்குக் கருமமே கண்ணாக வந்தார்கள். மைக் அக்கா எவ்வளவு கனிவாகச் சொல்லியும் ஒரு தலையும் நிமிரவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இப்படி ஓர் அவமானத்தை அவள் பார்த்ததில்லை.

ஒவ்வொருவராக இவர்கள் ஆட்கள் விழுந்தார்கள். பேக்கரிக்காரர் போனார். உயரமானவர்கள் எல்லோரும் போனார்கள். கடைசியில் மிஞ்சியது மூன்று பேர். ஆலையின் ஜன்னலில் துப்பாக்கியோடு நாத்தனார், ஆலைக்கு அடியில் எங்கோ ஜெனரல், எதிரே ஒரு பள்ளத்துக்குள் உட்கார்ந்துகொண்டு என்ன செய்வதென்று தெரியாத மைக் அக்கா. அந்தப் பள்ளத்திலிருந்து அவளுக்கு ஆலையின் பின்பக்கம் தெரிந்தது. அங்கே மூன்று சந்தைக்காரர்கள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தார்கள். நாத்தனார் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொல்ல வேண்டும். புருஷன் வழியாகச் சொல்லலாம் என்றால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறார். தலையைத் திருப்பினாலும் மாடிக்குத் தெரியாது. நேராகவும் பேச முடியாது, பேசுவதில்லையே. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தாள்.

"ஆலையின் மேல்தளத்தில் காத்திருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைப் பெண்மணியின் கனிவான கவனத்திற்கு. தங்களது பின்புற வாயில் வழியாக மூன்று நபர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்."

காதுக்குள் நாத்தனாரின் குரல் சீறியது. "அண்ணே! என்ன சொல்றாங்க? ஒரு எழவும் புரியல!"

முதல் சந்தைக்காரன் ஜன்னல் விளிம்பில் கை வைத்துவிட்டான். மைக் அக்கா பொத்தானை விட்டாள். ஹெட்செட்டைப் பிடுங்கித் தோளில் போட்டாள். தலையை நிமிர்த்தி, கூரையைப் பார்த்து, சமையலறைக் குரலை எடுத்தாள்.

"அடியே! பின்னாடி பாருடீ!"

குரல் கூரையைத் துளைத்துக்கொண்டு போய் மாடியில் வெடித்தது. நாத்தனார் துள்ளித் திரும்பினாள். டப். டப். கடைசி ஆள் ஜன்னலுக்கு உள்ளேயே வந்துவிட்டான், துப்பாக்கியில் குண்டில்லை, கட்டையால் ஓர் அடி. சந்தை அணியில் வெங்காயக்காரரைத் தவிர ஒருவரும் மிச்சமில்லை. அவரோ சத்தம் கேட்காததால் வழி தவறி, வேலியோரம் எங்கேயோ சுற்றிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் "வந்துட்டேம்மா, என்னாச்சு?" என்று வாசலில் வந்து நின்றார்.

அவ்வளவுதான். கொடியை ஏற்ற வேண்டியது ஒன்றுதான் பாக்கி. இடைவேளைக்குப் பிறகு எல்லாக் கொடியையும் இறக்கிவிட்டு முதலிலிருந்து ஏற்ற வேண்டும் என்பது சட்டம். ஜெனரல் ஆலையின் உச்சிக்கு ஏறினார். ஏறியவர் கொடியைச் சட்டென்று நட்டுவிட்டு இறங்கியிருக்கலாம். அவர் ஜெனரல் ஆயிற்றே. கையில் கொடியைப் பிடித்தபடி விளிம்பில் நின்று, "நண்பர்களே, இந்த வெற்றி..." என்று ஆரம்பித்தார்.

கீழே பள்ளத்தில் மைக் அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. புருஷன் அவள் தோளில் தட்டினார், மாவுக்கட்டுக் கையாலேயே. அவளும் கைதட்ட நினைத்தாள். கை மடியிலிருந்து எழுந்து மவுஸில் பட்டது.

டப்.

ஜெனரல் கொடியோடு உச்சியிலிருந்து கீழே விழுந்தார். விழுந்துகொண்டே இருந்தார். வழியில் ஒரு மரச்சட்டத்தில் பட்டு ஒரு பல்டி வேறு அடித்தார். சேற்றில் அவர் விழுந்த நேரமும் ஆட்டம் முடிகிற மணி அடித்த நேரமும் ஒன்றாக இருந்தன. அந்தச் சேற்றுக்குப் பக்கத்தில் தற்செயலாக வந்து சேர்ந்த வெங்காயக்காரர், என்ன ஏது என்று புரியாமல், எதற்கும் இருக்கட்டும் என்று அந்தக் கணத்தில் தன் கொடியை அடித்தளத்தில் சாய்த்து வைத்திருந்தார். ஆலையில் இருந்த ஒரே கொடி அதுதான். நடுவர் சந்தை அணி வென்றது என்றார். அது வெங்காயக்காரருக்குக் கேட்கவில்லை. அவர் ஆட்களில் ஒருவன் போன் போட்டுச் சொன்னபிறகுதான் "யாரு, நாமளா?" என்றார்.

மாடிப்படியில் தடதடவென்று காலடி. நாத்தனார் வந்து மைக் அக்காவின் எதிரில் நின்றாள். இடுப்பில் கை.

"அண்ணி, யாரைச் சுட்டீங்க தெரியுமா?"

லிஃப்ட் மெக்கானிக் வழக்கப்படி தலையைத் திருப்பினார். யாரும் அவரைக் கவனிக்கவில்லை.

"தெரிஞ்சா சுடுவேன்? தெரியாமத்தான் சுட்டேன்!"

"மவுஸை யாரு தொடச் சொன்னா?"

"கை தட்டலாம்னு பார்த்தேன். நீ மூணு பேரை அடிச்சியே, அதுக்குத்தான்!"

நாத்தனார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"கீழ இருந்து கத்தினீங்களே, அது நல்லா தெளிவா இருந்துச்சு" என்றாள் கடைசியில். "ஒவ்வொரு எழுத்தும் புரிஞ்சுது."

"அது கத்தல்டீ. அதுல என்ன இருக்கு?"

"அப்படியே பஸ் ஸ்டாண்டுலயும் கத்தலாமில்ல?"

"அடுத்த நாளே வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க." மைக் அக்கா பேச்சை ஜெனரல் பக்கம் திருப்பினாள். "ஆமா, அந்த மனுஷனை யாரு அங்க ஏறி நின்னு பேச்சுப் பேசச் சொன்னா?"

"அதானே! கொடியை நட்டுட்டு இறங்க வேண்டியதுதானே!"

"முடி வெட்டற இடத்துலயும் இதே பேச்சுதானாம். உங்க அண்ணனுக்கு ஒருநாள் ஒரு பக்கம் கிருதாவே இல்ல, பார்த்தியா?"

"பார்த்தேன் அண்ணி. சொல்லாம இருந்தேன்!"

இரண்டு பேரும் சேர்ந்து ஜெனரலைப் பிரித்து மேய்ந்தார்கள். அவர் வாங்கிய குண்டைவிட அது மோசமாக இருந்தது. நடுவில் உட்கார்ந்திருந்த மனிதர் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, தனக்கு இனி இந்த வீட்டில் உத்தியோகம் இல்லை என்று புரிந்துகொண்டு தேநீர் போட எழுந்தார், ஒற்றைக் கையால்.

மறுநாள் காலை வேலையில் ஒரு சின்னப் பிசகு. நேற்றைய ஆட்டத்தையே மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்த மைக் அக்கா, "மூன்றாம் நடைமேடையில் நிற்பவர்கள்" என்று ஆரம்பித்தாள். சொல்ல வேண்டியது "பின்னால் நகர்ந்து நிற்கவும்". வாயில் வந்தது, "குனிந்து செல்லவும்."

மூன்றாம் நடைமேடை மொத்தமும் குனிந்தது. அங்கே இரண்டு கூடையோடு நின்றிருந்த வெங்காயக்காரர் குனியவில்லை; தரையோடு தரையாகப் படுத்தே விட்டார். வெங்காயம் நாலாபக்கமும் உருண்டது.

நிலைய மேலாளர் மாடியேறி வந்தார். "என்னம்மா, ஜனங்களைக் குனியச் சொன்னீங்களாமே?"

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் வாய் ஓடியது. "அந்த இடத்துல கூரைத் தகரம் தொங்குது சார். யார் தலையிலயாவது விழுந்தா?"

மேலாளர் இறங்கிப் போய்ப் பார்த்தார். தகரம் தொங்கத்தான் தொங்கியது. சாயங்காலமே ஆளை வரவழைத்துச் சரிசெய்துவிட்டு, பொறுப்பான ஊழியர் என்று நாலு பேர் முன்னால் பாராட்டினார். பாராட்டும்போது மைக் அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

புருஷனின் மாவுக்கட்டுப் பிரிந்த நாளில்தான் அடுத்த சிக்கல் ஆரம்பித்தது. மனிதர் கையை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். மைக் அக்கா எழுந்திருக்கவில்லை. இந்த ஆட்டம் முடியட்டும் என்றாள். பிறகு அடுத்த ஆட்டம். ஜெனரலிடம் முறையிட்டார். ஜெனரல் போனில் நிறைய இருமினார். "உங்க கை இன்னும் கொஞ்சம் தேறட்டுமே... இங்க வரிசை நல்லா அமைஞ்சிருக்கு, அதைக் கலைக்க வேணாமேன்னு..."

"என் பெண்டாட்டி உங்களை ரெண்டு தடவை சுட்டிருக்கா!"

"அது உள்ளதுதான்," என்றார் ஜெனரல். "ஆனா மத்தவங்க ஏணியில ஒழுங்கா ஏறறாங்களே."

லிஃப்ட் மெக்கானிக்குக் கோபம் வந்து யாரும் பார்த்ததில்லை. அன்று வந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு நேராகக் காய்கறிச் சந்தைக்குப் போனார். சந்தை அணி அவரைக் கட்டிப்பிடித்து வரவேற்றது. உள்வீட்டு ரகசியம் தெரிந்த ஆள் கிடைத்தானே என்று வெங்காயக்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கூடையில் வைத்துத் தூக்கி வந்து சமையலறை மேசையில் போட்டுக் கொடுத்தார்.

அடுத்த முறை இரண்டு அணியும் மோதியபோது, ஒரே வீட்டில் கூடத்தில் ஒரு படை, மாடியில் ஒரு படை, அடுப்புக்குப் பக்கத்தில் எதிரிப் படை. லிஃப்ட் மெக்கானிக் உண்மையிலேயே நன்றாக ஆடினார். பேக்கரிக்காரரை இரண்டு முறை வீழ்த்தினார். ஜெனரலை வேண்டுமென்றே தேடிப் போய் வீழ்த்தினார். பிறகு ஆலைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளத்தில் சேறோடு சேறாகப் பதுங்கிக்கொண்டார். நாத்தனார் ஜன்னலிலிருந்து எவ்வளவு கண்ணைச் சுருக்கிப் பார்த்தும் தொப்பி நுனி கூடத் தெரியவில்லை.

"அண்ணி, அண்ணன் எங்க இருக்குன்னே தெரியல. நீங்க ஏதாவது பண்ணுங்க."

மைக் அக்கா கொஞ்சம் யோசித்தாள். அறிவிப்புக் குரல் அவரிடம் செல்லாது. வருஷக்கணக்காகக் கேட்டுப் பழகியவர். ஹெட்செட்டைக் கழற்றிவிட்டுச் சமையலறைப் பக்கம் திரும்பி, சாதாரணமாக, தண்ணீர் கேட்பதுபோலக் கூப்பிட்டாள்.

"என்னங்க..."

"என்னம்மா?" என்று பள்ளத்திலிருந்து முழு ஆளாக எழுந்து நின்றார் அவர்.

டப்.

அந்த வாரம் சந்தை அணி படுதோல்வி. வெங்காயக்காரர் போன் போட்டு நாற்பது வார்த்தை பேசினார். அதில் எழுத்தில் போடக்கூடியது ரொம்பக் கொஞ்சம். ஆட்டம் முடிந்து நாத்தனார் மாடியிலிருந்து இறங்கி வந்து, சமையலறை வாசலில் நின்றாள். அவள் முகத்தில் வெற்றியைவிடப் பரிதாபம்தான் அதிகம் தெரிந்தது.

"அண்ணே, எதிரணின்னு வந்துட்டா ஒரு கட்டுப்பாடு வேணாமா? அடுத்த தடவை அண்ணி கூப்பிட்டா எழுந்திரிக்காதே. புரியுதா?"

"எழுந்திரிக்காம எப்படிம்மா இருக்கறது?" என்றார் அவர். பிறகு கம்ப்யூட்டருக்கு மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டு, மூன்று கோப்பைகளை எடுத்துக் கழுவ ஆரம்பித்தார்.